பாதி எழுத்தும் முழு நினைவும்

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு சிறு புதிர். ஐந்தெழுத்துச் சொல் ஒன்று. அதில் இரண்டாவது எழுத்தும் நான்காவது எழுத்தும் அழிந்துவிட்டன. மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்:

தி – ம – ம்

என்ன சொல் இது? புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய் வருகிறவராக இருந்தால் 'திருமயம்' என்பீர்கள். வீட்டில் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தால் 'திருமணம்' என்பீர்கள். இரண்டுமே சரிதான். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது விடை வந்த விதத்தை. நீங்கள் அகராதியைத் திறந்து, 'தி'யில் தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வரவில்லை. மூன்று எழுத்துகளைப் பார்த்தீர்கள். ஐந்து எழுத்தும் சேர்ந்து வந்து நின்றன. ஒரு விநாடிகூட ஆகியிராது.

இதே புதிரைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் திருமயத்துக்கே வர வேண்டும். இங்கே கோட்டை மலையின் அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கம் பக்கமாக இரண்டு குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன. சிவன் கோயிலான சத்தியகிரீசுவரர் குடைவரையில் முற்காலத்தில் இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை அழித்து, அதன்மேல் வேறொரு கல்வெட்டை வெட்டிவிட்டார்கள். பழையதில் மிச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கிரந்த எழுத்துகள்தாம். ஆனால் இதே மாவட்டத்தில் குடுமியான்மலைப் பாறையில் ஏறத்தாழ முழுமையான இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏழு பகுதிகள், நான்கு நான்கு சுரங்களாகக் கோத்த வரிசைகள். அதைப் படித்துப் பழகியவர் திருமயத்துச் சிதைந்த எழுத்துகளைப் பார்த்தால், அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்று உடனே சொல்லிவிடுவார். துண்டிலிருந்து முழுமைக்குப் போகும் இந்த வித்தையை மூளை எப்படிச் செய்கிறது? அதைக் கணக்காக எழுதிக் காட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஓர் இயற்பியல்காரர் என்பதால்தான் இயற்பியல் பாடம் நடத்துகிற நான் இதை எழுத வந்திருக்கிறேன்.

முதலில் கணிப்பொறியின் நினைவு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்வோம். அது தபால் ஆபீஸில் இருக்கும் அறைகள் வைத்த அலமாரி போன்றது. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. 4,017ஆம் அறையில் இருப்பதைக் கொடு என்றால் கொடுத்துவிடும். அறை எண் தெரியாமல், 'தியில் தொடங்கி ம்மில் முடியுமே, அது' என்று கேட்டால், சாதாரணமாக அது ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். நம் மூளையில் அறை எண் கிடையாது. பொருளின் ஒரு பகுதியே அதன் முகவரியாக இருக்கிறது. மல்லிகை வாசனை வந்தால் பாட்டி வீட்டு முற்றம் நினைவுக்கு வருகிறதே, அதுபோல.

மூளையில் இருப்பவை நரம்பணுக்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற நரம்பணுக்களோடு இணைந்திருக்கிறது. ஒரு நரம்பணு செய்கிற வேலை, வெளியிலிருந்து பார்த்தால், மிக எளியது. தனக்கு வருகிற செய்திகளைக் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் மில்லி விநாடிக் கணக்கில் நீடிக்கும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். தாண்டாவிட்டால் சும்மா இருக்கும். 1943இல் அமெரிக்காவில் மெக்கல்லாக், பிட்ஸ் என்ற இருவர் இதை இன்னும் எளிமையாக்கி, நரம்பணுவை 'துடிக்கிறது, துடிக்கவில்லை' என்ற இரண்டே நிலை உடைய பொருளாகக் கணக்கில் எழுதினார்கள். 1949இல் கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் இன்னொரு கருத்தைச் சொன்னார். ஒரு நரம்பணு மற்றொன்றைத் தூண்டித் துடிக்க வைப்பதில் திரும்பத் திரும்பப் பங்கு பெற்றால், அவற்றுக்கிடையே உள்ள இணைப்பு வலுப்படும். கற்றல் என்பது இதுதான் என்றார். நினைவு நரம்பணுவுக்குள் இல்லை, இணைப்பில் இருக்கிறது என்பது இதன் பொருள்.

இந்த இரண்டு கருத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நினைவு இயந்திரம் செய்யலாம். காகிதமும் வேண்டாம், கணிப்பொறியும் வேண்டாம். ஐந்து நண்பர்கள் போதும். பள்ளிக்கூட மைதானத்திலேயே செய்து பாருங்கள்.

ஐவருக்கும் அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்து வட்டமாக நிற்க வையுங்கள். ஒவ்வொருவரும் ஒரு நரம்பணு. கை தூக்கினால் துடிக்கிறது, இறக்கினால் துடிக்கவில்லை. நாம் கற்பிக்கப்போகும் நினைவு இது: அ, இ, ஈ மூவரும் கை தூக்கியிருக்க வேண்டும்; ஆ, உ இருவரும் இறக்கியிருக்க வேண்டும். அப்படியே நிற்கச் சொல்லுங்கள். இப்போது ஒவ்வொருவரும் மற்ற நால்வரையும் பார்த்து, தன்னைப் போலவே நிற்பவரை 'ஒத்தவர்' என்றும், மாறி நிற்பவரை 'எதிர்' என்றும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேரில் பத்து ஜோடிகள் உண்டல்லவா? அவற்றில் நான்கு ஒத்த ஜோடிகள், ஆறு எதிர் ஜோடிகள். கற்பித்தல் முடிந்தது. எல்லோரும் கையை இறக்கிவிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். 'நான் கை தூக்க வேண்டியவன்' என்று யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. நினைவு வைத்திருப்பது உறவுகளை மட்டுமே.

இனி நினைவைச் சிதைப்போம். அ, ஈ இருவரும் தூக்கட்டும். உ இறக்கியே இருக்கட்டும். இவர்கள் மூவரும் சரி. ஆவை வேண்டுமென்றே தூக்கச் சொல்லுங்கள். இயை இறக்கச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டு எழுத்து அழிந்த சொல்போல ஆகிவிட்டது. இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே விதியைச் சொல்லுங்கள்: 'உன்னைச் சுற்றி இருக்கும் நால்வரைப் பார். ஒத்தவர் உன்னைப் போல நிற்க வேண்டும். எதிரானவர் மாறி நிற்க வேண்டும். எத்தனை பேரிடம் இது தவறுகிறது? மூன்று அல்லது நான்கு பேரிடம் தவறினால் உன் கையை மாற்று. இரண்டு அல்லது அதற்குக் குறைவானால் அப்படியே இரு.'

அ பார்க்கிறான்: ஆவிடமும் இயிடமும் தவறுகிறது. இரண்டுதான், அப்படியே இருக்கிறான். ஆ பார்க்கிறாள்: அ, ஈ, உ மூவரிடமும் தவறுகிறது, கையை இறக்கிவிடுகிறாள். அடுத்து இ பார்க்கிறான்: இப்போது நால்வரிடமும் தவறுகிறது; கையைத் தூக்கிவிடுகிறான். ஈக்கும் உவுக்கும் மாற்ற ஒன்றுமில்லை. ஒரே சுற்றில் பழைய நினைவு முழுதாக வந்துவிட்டது! யாரும் தலைமை தாங்கவில்லை. முழு வடிவத்தை யாரும் மனப்பாடம் செய்திருக்கவும் இல்லை.

இதிலே இயற்பியல் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். விதி தவறுகிற ஜோடிகளை எண்ணிப் பாருங்கள். சிதைத்த நிலையில் ஆறு ஜோடிகள் தவறின. ஆ திருந்தியதும் நான்கு. இயும் திருந்தியதும் பூஜ்யம். ஆறு, நான்கு, பூஜ்யம் என்று இறங்கிக்கொண்டே வருகிறது, ஒருபோதும் ஏறாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருளுகிற கல்லின் நிலையாற்றலும் இப்படித்தான் குறைகிறது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சமன்பாடாகவே எழுதலாம். தூக்கிய கைக்கு +1, இறக்கிய கைக்கு –1. ஒத்த இணைப்புக்கு +1, எதிர் இணைப்புக்கு –1. ஒவ்வொரு ஜோடிக்கும் இணைப்பு, ஒருவர் நிலை, மற்றவர் நிலை மூன்றையும் பெருக்கி, பத்து ஜோடிகளுக்கும் கூட்டி, முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அதுதான் 'ஆற்றல்'. சிதைந்த நிலையில் +2, பிறகு –2, கடைசியில் –10 வரும். போட்டுப் பாருங்கள்.

மழை பெய்யும்போது திருமயம் மலைமேல் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணெதிரே நடக்கும். மொட்டைப் பாறை. எங்கே துளி விழுந்தாலும் சரிவைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏதாவது ஒரு குழியில் போய்த் தேங்கும். ஒவ்வொரு குழியும் ஒரு நினைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். துளி விழுந்த இடம் உங்களுக்குக் கிடைத்த துண்டுச் செய்தி. 'தி – ம – ம்' என்ற துளி இரண்டு குழிகளுக்கு நடுவிலுள்ள வரப்பின்மேல் விழுந்தது. அதனால்தான் சிலருக்கு ஊர் வந்தது, சிலருக்குக் கல்யாணம் வந்தது.

ஐவர் ஆட்டத்திலும் இரண்டாவது குழி ஒன்று உண்டு. இருவருக்குப் பதில் மூவரைத் தவறாக நிறுத்தி வையுங்கள். ஆட்டம் முடியும்போது எல்லோரும் நேர் தலைகீழாக நிற்பார்கள்! அ, இ, ஈ இறக்கியும், ஆ, உ தூக்கியும். அதுவும் பத்து ஜோடிகளுக்கும் திருப்தியான நிலைதான். புகைப்படமும் அதன் நெகட்டிவும் போல.

இந்த மலையும் குழியும் கணக்கை 1982இல் எழுதி வெளியிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹாப்பீல்டு. திடப்பொருள் இயற்பியலில் பயின்று, பின்னர் உயிரியல் பக்கம் திரும்பியவர். காந்தத்தில் ஒவ்வோர் அணுவும் சிறு காந்தமாக மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கிறது; பக்கத்து அணுக்களைப் பார்த்துத் தன் திசையை மாற்றிக்கொள்கிறது என்று இயற்பியலில் ஒரு பழைய மாதிரி உண்டு. இருபதுகளில் வந்த ஈசிங் மாதிரி அது. அதே கணக்கு நரம்பணுக்களுக்கும் பொருந்தும் என்று அவர் கண்டுகொண்டார். 30 நரம்பணுக்கள், 100 நரம்பணுக்கள் கொண்ட சிறு வலைகளைக் கணிப்பொறியில் ஓட விட்டுப் பார்த்தார். இன்று கைப்பேசியில் செய்யக்கூடிய கணக்கு அது. 42 ஆண்டுகள் கழித்து, 2024இல் அவருக்கும் ஜெப்ரி ஹிண்டனுக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானில் ஷுனிச்சி அமாரி 1972லேயே இதை மிகவும் ஒத்த கணக்கை வெளியிட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரிசுப் பட்டியலில் இல்லாதவர்களின் பெயரையும் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கட்சி.

ஒரு வலையில் எத்தனை நினைவுகளை வைக்கலாம்? ஒவ்வொரு புதிய நினைவும் அதே இணைப்புகளின் மேல்தான் கூடுகிறது. தனி இடம் கிடையாது. 1985இல் அமித், குட்பிராயிண்ட், சோம்போலின்ஸ்கி என்ற மூவர் இதைக் கணக்கிட்டார்கள். நரம்பணுக்களின் எண்ணிக்கையை 0.138ஆல் பெருக்க வேண்டும். அதாவது 100 நரம்பணு என்றால் சுமார் 14 நினைவுகள். அந்த எல்லைக்கு நெருங்கும்போதே கோளாறு தெரியும். குழிகள் ஒன்றோடொன்று நெரித்துக்கொள்ளும். நாம் தோண்டாத இடத்திலும் பொய்க் குழிகள் உண்டாகும். மூன்று நினைவுகள் கலந்து, எங்கும் நடக்காத நான்காவது ஒன்று நினைவுபோல வந்து நிற்கும். எல்லையைத் தாண்டிவிட்டாலோ பதினைந்தாவது மட்டும் தங்காது என்பதோடு முடியாது. ஏற்கெனவே இருந்த பதினான்கும் சேர்ந்து போய்விடும்!

நமக்கு அப்படி நடப்பதில்லை. நேற்று ஒரு பாட்டைப் புதிதாகக் கற்றதால் எல்லாப் பாட்டும் மறந்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே மாதிரியில் ஏதோ குறைகிறது. அந்தக் குறையை இத்தாலிய இயற்பியலாளர் ஜியோர்ஜியோ பாரிசி 1986இல் எளிய வழியில் சரிக்கட்டினார். 2021இல் வேறு ஆராய்ச்சிகளுக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர். இணைப்பு ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டுமானாலும் வலுக்கலாம் என்று விட்டுவிடாமல், அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தார். உயிருள்ள இணைப்பு எதுவும் எல்லையின்றி வளர முடியாதல்லவா? அவ்வளவுதான் மாற்றம். அதன்பின் வலை குப்புற விழவில்லை. புதியவை நன்றாகத் தங்கின. பழையவை மெல்ல மங்கி மறைந்தன. இத்தகைய மாதிரிகளுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர், முன்பு எழுதியதைச் சுரண்டிவிட்டு அதன்மேலேயே புதிதாக எழுதிய பழைய தோல் ஏட்டின் பெயர். அந்த ஏட்டைப் பார்க்க ஐரோப்பிய நூலகங்களுக்குப் போக வேண்டியதில்லை. திருமயம் குடைவரையில் இருப்பதும் அதுதான். ஆக, மறதி என்பது இயந்திரத்தின் பழுதாக இல்லாமல், இயந்திரம் நின்றுவிடாமல் ஓடுவதற்குக் கொடுக்கிற விலையாக இந்தக் கணக்கில் வருகிறது.

இவ்வளவும் சரி. உண்மையான மூளை இப்படித்தான் வேலை செய்கிறதா? வகுப்பில் இதைச் சொல்லும்போது நல்ல மாணவர்கள் கேட்கிற கேள்வி இது. கேட்கத்தான் வேண்டும். நம் ஆட்டத்தில் அவுக்கு ஆ எதிர் என்றால் ஆவுக்கும் அ எதிர். மூளையில் அப்படி இருவழி ஒப்பந்தம் கிடையாது; ஒரு நரம்பணுவின் செய்தி மற்றொன்றுக்குப் போகும், திரும்பி வர வேண்டிய அவசியமில்லை. உண்மையான நரம்பணு இரண்டே நிலை உடையதும் அன்று. அப்படியானால் இந்த மாதிரி வெறும் விளையாட்டா?

சோதனைச்சாலைக்குப் போவோம். மூளையின் உட்பக்கத்தில், இரு பொட்டுகளுக்கும் நேரே, கடல்குதிரை வடிவில் ஓர் உறுப்பு இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்பார்கள். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோயைக் குறைப்பதற்காக இருபுறமும் அந்தப் பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை 55 ஆண்டுகள், புதிதாகச் சந்தித்த மனிதரையோ நடந்த நிகழ்ச்சியையோ அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. இந்த உறுப்பில் 'சிஏ-3' என்று ஒரு பகுதி உண்டு. அங்கேயுள்ள நரம்பணுக்கள் தங்களுக்குள்ளேயே ஏராளமாகப் பின்னிக்கொண்டிருக்கின்றன. நம் வட்டத்து மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததைப்போல. துண்டிலிருந்து முழுமையை மீட்கும் இடம் இதுவாக இருக்கலாம் என்று பிரிட்டனில் டேவிட் மார் என்ற இளைஞர் 1971லேயே கணக்கு வழியாக ஊகித்திருந்தார்.

அந்த ஊகத்தைச் சுண்டெலிகள் சோதித்தன. 2002இல் சுசுமு டோனகாவாவின் ஆய்வுக்கூடத்தில் கசு நகசாவாவும் மற்றவர்களும் செய்த பரிசோதனை இது. சிஏ-3 பகுதியில் மட்டும், இணைப்பை வலுப்படுத்தத் தேவையான ஒரு புரதம் இல்லாதபடி சுண்டெலிகளை உருவாக்கினார்கள். பிறகு கலங்கிய தண்ணீர்த் தொட்டியில் நீந்த விட்டார்கள். தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. சுற்றுச் சுவரில் நான்கு அடையாளங்கள். அவற்றை வைத்து மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தச் சுண்டெலிகள் மற்றச் சுண்டெலிகளைப் போலவே கற்றுக்கொண்டன. மறுபடி நான்கு அடையாளங்களோடு விட்டபோது நேரே மேடை இருந்த இடத்துக்குப் போயின. அடுத்து மூன்று அடையாளங்களை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார்கள். சாதாரணச் சுண்டெலிகள் அந்த ஒன்றைக் கொண்டே இடத்தைக் கண்டுபிடித்தன. மாற்றப்பட்ட சுண்டெலிகள் திணறின. நினைவு இருந்தது, துண்டிலிருந்து அதை எட்ட முடியவில்லை!

எளிய மாதிரி ஒன்று எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது. விடை சொன்னவை சுண்டெலிகள். விஞ்ஞானத்தில் மாதிரிகளின் வேலையே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மனிதர்களிடமும் இதற்கு நெருங்கிய ஒரு சோதனை நடக்கிறது. தாத்தா ஒருவர் மறதி அதிகமாகிவிட்டது என்று வைத்தியரிடம் போகிறார். சில சொற்களைக் காட்டிவிட்டு, சற்று நேரம் கழித்துக் கேட்கிறார்கள். அவருக்கு வரவில்லை. 'அது ஒரு பழம்' என்று குறிப்புக் கொடுக்கிறார்கள். வயதினால் வரும் சாதாரண மறதியானால், குறிப்புக் கிடைத்ததும் பெரும்பாலும் 'வாழைப்பழம்' என்று வந்துவிடும். அல்சைமர் நோயில் குறிப்பும் அவ்வளவாக உதவுவதில்லை. அந்த நோயில் நரம்பணுக்களின் இணைப்புகள் படிப்படியாக அழிகின்றன. ஹிப்போகாம்பஸும் அதன் அண்டைப் பகுதியும் முதலில் அடிபடும் இடங்களில் சேர்ந்தவை. மைதானத்தில் ஒரு ஜோடியின் உறவை மட்டும் மறந்துவிடச் சொல்லிவிட்டு ஆட்டத்தை நடத்திப் பாருங்கள். ஒரே ஒருவர் தவறி நின்றால் அப்போதும் நினைவு சரியாகவே வரும். உறவுகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போங்கள். ஓரளவுவரை தாங்கும். பிறகு தாங்காது. 'முந்தாநாள்வரை நன்றாகத்தானே இருந்தார்' என்று வீட்டில் சொல்கிறார்களே, அதற்குள் எத்தனை இணைப்புகள் சத்தமில்லாமல் போயிருந்தனவோ!

நம் மாநிலத்திலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. சீனிவாச சக்கரவர்த்தியும் அவருடைய மாணவர்களும், பார்க்கின்சன் நோயில் அடிபடும் மூளைப் பகுதிகளுக்கும், ஒரு விலங்கு தான் இருக்கும் இடத்தை ஹிப்போகாம்பஸில் எப்படிக் குறித்துக்கொள்கிறது என்பதற்கும் கணித மாதிரிகள் எழுதிவருகிறார்கள். அதே வளாகத்தில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை மிக மெல்லிய சீவல்களாகச் சீவிப் படமெடுத்து, 5,132 சீவல்கள் கொண்ட முப்பரிமாண வரைபடத்தை 2024 டிசம்பரில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. 'தரணி' என்று அதற்குப் பெயர். மாதிரி எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட வரைபடங்கள் இன்றியமையாதவை. எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த வட்டத்தை வரைவது?

கடைசியாக, மைதானத்துக்குத் திரும்புவோம். ஐவருக்குப் பதில் ஆறு பேரை நிறுத்துங்கள். ஒரு வடிவத்தைக் கற்பியுங்கள். இனி ஒவ்வொருவரும் ஐந்து பேரைப் பார்ப்பதால், மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் தவறினால் கையை மாற்ற வேண்டும். சரியாக மூன்று பேரைத் தவறாக நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். சில தடவை கற்பித்த வடிவம் வரும். சில தடவை தலைகீழ் வடிவம் வரும். விதியும் மாறவில்லை, தொடக்க நிலையும் மாறவில்லை. பிறகு எது முடிவைத் தீர்மானிக்கிறது? முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்துக்கொண்டு பாருங்கள்.